லீஸ்திராவில் மாலையும் கல்லும்: பவுலின் மூன்று பிரசங்கங்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

எருதுகள் லீஸ்திராவின் ஊர்வாசலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான், இயேசுவின் செய்தியைச் சொல்லிக்கொண்டு ஊர் ஊராகப் போன பவுலுக்கும் பர்னபாவுக்கும் விஷயம் புரிகிறது. கூட்டம் அதற்கு முன்பே சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஆனால் போட்டது லீக்கவோனியா பாஷையில். கிரேக்க மொழியில் பேசிக்கொண்டிருந்த இந்த இரண்டு வெளியூர்க்காரர்களுக்கும் அந்த மேட்டுநாட்டுப் பேச்சு பிடிபடவில்லை என்றுதான் கதையின் போக்கு காட்டுகிறது. பிறந்ததிலிருந்து நடந்தே பார்க்காத ஒருவன் பவுலின் ஒரு சொல்லில் குதித்தெழுந்து நடந்திருக்கிறான். ஊர் அதற்குத் தன் கணக்கில் அர்த்தம் சொல்லிக்கொண்டது: தேவர்கள் மனுஷ உருவெடுத்து நம்மிடம் இறங்கி வந்திருக்கிறார்கள்! பேச்சை நடத்தியவர் பவுல் என்பதால் அவர் தெய்வங்களின் தூதனான எர்மேஸ். கூட இருந்த பர்னபா சேயுஸ். (பழைய தமிழ் வேதாகமம் ரோமப் பெயரில் மெர்க்கூரி, யூப்பித்தர் என்று சொல்லும்.) ஊருக்கு முன்னால் இருந்த கோவிலின் பூசாரி எருதுகளையும் பூமாலைகளையும் கொண்டுவந்து பலியிடத் தயாராகிவிட்டார்.

இருவரும் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடுகிறார்கள். தேவதூஷணத்தைக் கேட்ட யூதன் செய்கிற காரியம் அது. எருசலேமில் யார் பார்த்தாலும் புரியும். லீஸ்திராக்காரர்களுக்கு, இந்தத் தெய்வங்கள் ஏன் திடீரென்று துணியைக் கிழித்துக்கொள்கின்றன என்றுதான் தோன்றியிருக்கும். அந்தக் கலவரத்துக்கு நடுவே அப்போஸ்தலர்கள் சொன்னதாக, அப்போஸ்தலர் நடபடிகள் என்ற வேதாகம நூலில் லூக்கா எழுதிவைத்திருப்பது மொத்தம் மூன்று வசனம். அதில் இயேசுவின் பெயர் இல்லை. ஆபிரகாம் இல்லை, மோசே இல்லை, தாவீது இல்லை. மழை இருக்கிறது, விளைச்சல் இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது.

இதற்குச் சில வாரமோ மாதமோ முன்புதான் இதே பவுல் பிசீதியாவின் அந்தியோகியாவில், ஒரு யூத ஜெபாலயத்தில், இருபத்தாறு வசனத்துக்கு நீளும் பிரசங்கம் ஒன்றைச் செய்திருந்தார். அது முழுக்க ஆபிரகாம் வம்சத்தின் கதை. பேசுகிறவர் அதே ஆள், பயணமும் அதே பயணம் (ஏறத்தாழ கி.பி. 47, 48). சொன்னது மட்டும் ஏன் இப்படி மாறிப்போனது? யூதரிடம் ஒரு சுவிசேஷம், புறஜாதியாரிடம் (யூதர் அல்லாதவர்களிடம்) வேறொரு சுவிசேஷம் என்று சிலர் முடித்துவிடுவார்கள். செய்தி ஒன்றுதான், உடைதான் வேறு என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். இரண்டுமே அவசரம் என்பது என் எண்ணம். இந்த ஊர்களில் நடந்ததை நிதானமாகப் பார்த்தால், மாறியது எதை நிரூபிக்க வேண்டியிருந்தது என்பதுதான் என்று தெரியும்.

ஆதாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை

அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கும் பிரசங்கங்கள் எழுத்துக்கு எழுத்து பதிவுசெய்யப்பட்டவை அல்ல. லூக்கா எழுதியது சம்பவம் நடந்து பல பத்தாண்டுகள் கழித்து. பெரும்பாலான ஆய்வாளர்கள் 80, 90களில் வைப்பார்கள். அதற்கு முன்பே என்பவர்களும், 2ஆம் நூற்றாண்டுக்குத் தள்ளுபவர்களும் உண்டு. அந்தக் காலத்துச் சரித்திர ஆசிரியர்கள் பேச்சுகளை எப்படி எழுதினார்கள் என்பதைத் துசிடிடிஸ் தன் நூலின் தொடக்கத்திலேயே ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: உண்மையில் பேசப்பட்டதன் பொதுக் கருத்தை விட்டு விலகாமல், அந்தச் சந்தர்ப்பத்துக்கு எது பொருந்துமோ அதைப் பேச வைத்தேன் என்று. லூக்காவும் அந்த மரபில் வந்தவர்தான். அதனால் இங்கே ‘பவுல் சொன்னார்’ என்று வரும் இடங்களில் ‘பவுல் சொன்னதாக லூக்கா எழுதினார்’ என்று வாசித்துக்கொள்ள வேண்டும். நல்ல வேளையாக, பவுலின் சொந்தக் கடிதங்கள் கையில் இருக்கின்றன. பிறகு அவற்றோடு ஒத்துப் பார்க்கலாம்.

இன்னொன்று. ஜெபாலயத்துக்காரர்கள் தரப்பில் எழுதப்பட்ட எதுவும் நம்மிடம் இல்லை. லூக்கா ‘யூதர்கள் பொறாமைப்பட்டார்கள்’ என்று எழுதும்போது அது ஒரு தரப்பின் வாக்குமூலம். பேசிய பவுலும் யூதர்தான் என்பதையும் மறக்கக் கூடாது. இதை யூதர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த சண்டையாக வாசித்ததால் பின்னால் வந்த நூற்றாண்டுகளில் விளைந்த கேடு கொஞ்சமல்ல.

அந்தியோகியா: அழைத்துப் பேசச் சொன்ன இடம்

இன்றைய துருக்கியில் யால்வாச் என்ற ஊருக்குப் பக்கத்தில் இடிபாடுகளாகக் கிடக்கிறது அந்த அந்தியோகியா. பேரரசர் அகஸ்டஸ் குடியேற்றிய ரோமக் காலனி. ஊரின் நடுவே அவருக்கே ஒரு பெரிய கோவில். அவர் தன் சாதனைகளைத் தானே பட்டியலிட்ட புகழ்பெற்ற கல்வெட்டின் துண்டுகள் இங்கேயும் தோண்டி எடுக்கப்பட்டன. அவ்வளவு ரோம வாசனை வீசும் ஊரில் ஒரு ஜெபாலயமும் இருந்தது.

ஓய்வுநாள். நியாயப்பிரமாணமும் தீர்க்கதரிசிகளின் புத்தகமும் வாசித்து முடிந்தன. ஆலயத் தலைவர்கள் ஆள் அனுப்பி, ‘சகோதரரே, ஜனங்களுக்குச் சொல்லத்தக்க புத்திமதி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்’ என்று வந்தவர்களைக் கேட்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்த படித்தவருக்குக் கொடுக்கிற மரியாதை அது. பவுல் எழுந்து, கையமர்த்தி, ஆரம்பிக்கிறார்.

ஆரம்பமே இரண்டு பேரை அழைக்கிறது: இஸ்ரவேலர், அப்புறம் ‘தேவனுக்குப் பயந்து நடக்கிறவர்கள்’. இந்த இரண்டாவது கூட்டத்தை இப்போதைக்கு ஓரமாக வைப்போம், பிறகு அவர்களால்தான் எல்லாம் நடக்கப்போகிறது. எகிப்திலிருந்து புறப்பட்டது, வனாந்தரத்தில் 40 வருஷம், கானானில் ஏழு ஜாதிகள், நியாயாதிபதிகள், சாமுவேல், கீசின் மகன் சவுல், அப்புறம் தாவீது என்று கதை ஓடுகிறது. தாவீதிலிருந்து ஒரே தாவலில் இயேசு. நடுவில் கிட்டத்தட்ட ஆயிரம் வருஷம் காணாமல் போகிறது, யாரும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள், தாவீதின் வம்சத்தில் ஒருவர் வருவார் என்பது அந்த அறையில் ஏற்கெனவே இருந்த எதிர்பார்ப்பு. அவர் யார் என்பது மட்டும்தான் கேள்வி.

இங்கே ஒரு வாதத்தைக் கிட்டே போய்ப் பார்ப்பது நல்லது. 16ஆம் சங்கீதத்தில், ‘உம்முடைய பரிசுத்தர் அழிவைக் காண விடமாட்டீர்’ என்று ஒரு வரி. பாடினவர் தாவீது என்பது அங்கே எல்லாருக்கும் ஒப்புதல். பவுல் கேட்கிறார்: தாவீது செத்தார், பிதாக்களோடு புதைக்கப்பட்டார், அழிவைக் கண்டார். அப்படியானால் இந்த வரி யாரைப் பற்றியது? தேவன் எழுப்பினவரோ அழிவைக் காணவில்லை. வேதத்தின் ஒரு வரி தன் ஆசிரியருக்கே பொருந்தவில்லை என்று காட்டி, அந்த இடைவெளியில் இயேசுவை நிறுத்துகிற வாதம் இது. எபிரெயத்தில் அந்தச் சொல் ‘குழி’ என்றும் பொருள்படும். கிரேக்க மொழிபெயர்ப்பில் அது ‘அழிவு’, அதாவது உடல் கெட்டுப்போவது. கிரேக்கத்தில் வேதம் வாசிக்கிற ஜெபாலயத்தில்தான் இந்த வாதம் முழு வேகத்தோடு பாயும். பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் பேதுரு பேசியதாக லூக்கா எழுதும் பிரசங்கத்திலும் இதே சங்கீதம், இதே வாதம். யூதரிடம் பேசும்போது எடுக்க வேண்டிய வசனங்கள் என்று ஆரம்ப நாட்களிலேயே ஒரு கட்டு தயாராகியிருந்தது என்று நினைக்க இடமிருக்கிறது.

மொத்தத்தில் நான்கு மேற்கோள்: 2ஆம் சங்கீதம், ஏசாயா, 16ஆம் சங்கீதம், கடைசியில் எச்சரிக்கையாக ஆபகூக். தேவன் ஒருவரே என்பதற்கு ஒரு வாக்கியம்கூடச் செலவிடவில்லை. விக்கிரகம் என்ற பேச்சே இல்லை. மரித்தவர் உயிர்ப்பார்களா என்ற கேள்விக்கும் அவர் நின்று பதில் சொல்லவில்லை. உயிர்த்தெழுதலை நம்பிய யூதப் பிரிவான பரிசேயர் வழியில் வந்தவர்களுக்கு அது புதிதல்ல. அங்கே சிக்கல் வேறு. இயேசு தொங்கியது ‘மரத்தில்’ என்று பவுல் சொல்கிறார். மரத்தில் தொங்கவிடப்பட்டவன் தேவனால் சபிக்கப்பட்டவன் என்பது உபாகமம். சபிக்கப்பட்டவன் எப்படி, யூதர்கள் எதிர்பார்த்த ராஜாவான மேசியாவாக முடியும்? அதோடு முடிவில் இன்னொரு சுமையையும் ஏற்றுகிறார்: மோசேயின் பிரமாணத்தால் நீங்கள் எவற்றிலிருந்து நீதிமான்களாக்கப்படக் கூடாதிருந்ததோ, அவை எல்லாவற்றிலிருந்தும் விசுவாசிக்கிற எவனும் இவராலே விடுதலையாகிறான். ‘எவனும்’ என்ற அந்த ஒரு சொல்தான் அடுத்த வாரத்துக்கு வெடி.

ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்

இனி அந்த இரண்டாவது கூட்டம். பிறப்பால் யூதர் அல்ல, விருத்தசேதனம் (யூத ஆண்களுக்குரிய நுனித்தோல் நீக்கும் சடங்கு) செய்துகொள்ளவும் இல்லை. ஆனால் இஸ்ரவேலின் தேவன் மேல் பற்று, ஓய்வுநாளில் வந்து உட்கார்ந்து கேட்பார்கள். ஆசியா மைனரின் பல ஊர்களில் இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். அஃப்ரோடிசியாஸ் நகரில் கிடைத்த கல்வெட்டு ஒன்று (சம்பவத்துக்குச் சில நூற்றாண்டு பிந்தியதுதான்) யூதர்களின் பெயர்களுக்குப் பக்கத்திலேயே ‘இறையச்சம் உள்ளவர்கள்’ என்று தனித் தலைப்பில் ஒரு நீண்ட பட்டியல் தருகிறது. பவுலின் அதே நூற்றாண்டில், பிரிகியாவின் அக்மோனியா ஊரில், யூலியா செவேரா என்ற பெருஞ்செல்வப் பெண்மணி யூதர்களுக்கு ஒரு ஜெபாலயக் கட்டடமே கட்டிக்கொடுத்தார் என்று கல்வெட்டு சொல்கிறது. அந்த அம்மாள் பேரரசர் வழிபாட்டில் தலைமைப் பூசாரி! காலை அங்கே பலி, சாயங்காலம் இங்கே நன்கொடை. நம் ஊரில் எந்தத் திருவிழாவுக்கும் ரசீது போடும் பெரிய மனுஷர்களைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாகவே இருக்காது.

சிறுபான்மையாக ஒரு ரோமக் காலனியில் வாழும் யூத சமூகத்துக்கு இந்த மனிதர்கள் பாதுகாப்பு. அவர்களிடம் வெளியூர்க்காரர் ஒருவர் வந்து, நீங்கள் ஓரத்தில் உட்கார வேண்டியதில்லை, விருத்தசேதனம் இல்லாமலேயே உள்ளே வரலாம் என்கிறார். அடுத்த ஓய்வுநாளில் ஏறக்குறைய ஊரே திரண்டு வந்துவிட்டது என்கிறார் லூக்கா. கலகம் அதற்கு அப்புறம்தான். முதல் வாரம் பவுல் சொன்ன தாவீது வாதத்தை யாரும் எதிர்த்ததாகவே இல்லை. வெளியே ஆள் சேர்ந்ததும்தான் எதிர்த்தார்கள். ஆகவே அந்தியோகியாவில் உடைந்தது வேதவசனத்தின் பொருளில் அல்ல, இந்த ஜனங்கள் யாருடையவர்கள் என்ற கேள்வியில் என்று நான் நினைக்கிறேன். பவுலைத் துரத்த, ஊரின் கனமுள்ள ‘பக்தியான’ ஸ்திரீகளைத்தான் எதிர்த்தரப்பும் தூண்டிவிட்டது. அந்த நடு இடத்து மனிதர்களுக்காக இரண்டு பக்கமும் கைநீட்டியிருக்கிறது.

‘இதோ, நாங்கள் புறஜாதியாரிடத்தில் போகிறோம்’ என்று சொல்லி, காலில் ஒட்டிய தூசியை உதறிவிட்டுப் பவுல் கிளம்புகிறார். அடுத்த ஊர் இக்கோனியா, இன்றைய கோன்யா. அங்கே போய் முதலில் எங்கே நுழைந்தார்? ஜெபாலயத்தில்.

லீஸ்திரா: அழைக்காமல் கிடைத்த மேடை

லீஸ்திரா கோன்யாவுக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர். ஹாத்துன்சராய் கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்மேடு, அவ்வளவுதான் இன்று மிச்சம். ஊர்ப் பெயர் பொறித்த ஒரு கல் அங்கே நின்றிருந்ததைக் கண்டுபிடித்த பிறகே, 1885இல், இடம் உறுதியானது. இதுவும் அகஸ்டஸ் காலத்துக் காலனிதான், ஆனால் சின்னது, ஓரமானது. இந்த ஊரைச் சொல்லும்போது ஜெபாலயம் என்ற பேச்சையே லூக்கா எடுக்கவில்லை.

அந்தியோகியாவில் வாசிப்பு முடிந்து, அழைப்பு வந்து, பிறகு பேச்சு. இங்கே அற்புதம் முந்திக்கொண்டது. பேச்சு அதைத் துரத்திக்கொண்டு ஓடியது. அற்புதத்துக்கு அர்த்தம் சொல்ல ஒரு கதை வேண்டும், அந்தக் கதை லீஸ்திராவில் ஏற்கெனவே இருந்தது. பக்கத்துப் பிரிகியாவில் யூப்பித்தரும் மெர்க்கூரியும் வழிப்போக்கர் வேஷத்தில் வந்து ஆயிரம் வீட்டுக் கதவைத் தட்டினார்கள், ஒரு ஏழைக் கிழவனும் கிழவியும் மட்டும் உள்ளே அழைத்துச் சோறு போட்டார்கள், மற்ற வீடெல்லாம் தண்ணீரில் மூழ்கிவிட்டது என்ற கதையை ரோமக் கவி ஓவிட் இதற்கு ஒரு தலைமுறைக்கு முன்புதான் எழுதியிருந்தார். லீஸ்திரா வட்டாரத்தில் கிடைத்த 3ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றில், லீக்கவோனியப் பெயர் கொண்ட சிலர் சேயுஸுக்கு ஒரு எர்மேஸ் சிலையை நேர்ந்து வைத்திருக்கிறார்கள். ஆக அந்த இரண்டு தெய்வங்களும் அங்கே சேர்ந்தே புழங்கியவர்கள். போன தடவை தெய்வம் வாசலில் நின்றபோது கோட்டைவிட்ட ஊர்கள் என்ன ஆயின என்று தெரிந்தவர்கள் இந்தத் தடவை எருதைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தால், அதில் முட்டாள்தனம் எதுவும் இல்லை.

இந்தக் கூட்டத்துக்கு முன்னால் ‘தாவீதின் குமாரன்’ என்று சொல்லி என்ன பயன்? ‘கிறிஸ்து’ என்ற சொல்லே சிக்கல். யூதருக்கு அது ‘அபிஷேகம் பண்ணப்பட்டவர்’, ராஜா. வேதம் அறியாத கிரேக்கக் காதுக்கு அது ஏதோ தைலம் பூசப்பட்டது என்கிற மாதிரியான சொல். சீரியாவின் அந்தியோகியாவில் (இது வேறு அந்தியோகியா) முதன்முதலாகக் கிரேக்கரிடம் பேசியவர்கள் ‘கர்த்தராகிய இயேசு’ என்று அறிவித்ததாக லூக்கா எழுதுகிறார். ‘கர்த்தர்’ என்ற பட்டம் அடிமைக்கும் எஜமானுக்கும் தெரிந்த சொல். ‘கிறிஸ்து’ போகப் போக வெறும் பெயராகிவிட்டது, அதே ஊரில்தான் வெளியாட்கள் அதை வைத்து ‘கிறிஸ்தவர்கள்’ என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். தமிழிலும் நமக்கு ‘இயேசு கிறிஸ்து’ பெயரும் அப்பா பெயரும் மாதிரிதானே காதில் விழுகிறது?

பவுல் அங்கே எடுத்தது கூட்டம் கையில் வைத்திருந்ததை. மனுஷரே, ஏன் இப்படிச் செய்கிறீர்கள்? நாங்களும் உங்களைப் போலப் பாடுள்ள மனுஷர்தான். இந்த வீணானவற்றை விட்டு ஜீவனுள்ள தேவனிடம் திரும்புங்கள். வானத்திலிருந்து மழை தந்தது யார்? விளைச்சல் காலம் தந்தது யார்? வயிற்றை ஆகாரத்தாலும் மனதைச் சந்தோஷத்தாலும் நிரப்பியது யார்? மழைக்கு ஏங்கும் அந்த மேட்டுநிலத்தில் இது கோவில் வாசலில் நின்றுகொண்டு கேட்கிற கேள்வி. ஏனென்றால் மழைக்கு அதிபதி சேயுஸ். அவருடைய பூசாரி எருதோடு நிற்கும்போதே, மழை தருகிறவர் அவரல்ல என்கிறார் பவுல். சமாதானப் பேச்சு மாதிரித் தெரியும், ஆனால் மென்மையானதல்ல.

இதில் ஒளிந்திருக்கும் ஒரு விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ‘வானத்தையும் பூமியையும் சமுத்திரத்தையும் அவைகளிலுள்ள யாவற்றையும் உண்டாக்கின’ தேவன் என்கிறார் பவுல். இது அவர் அந்த நேரத்தில் யோசித்துச் சொன்ன வார்த்தை அல்ல. யாத்திராகமத்தின் பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாள் கட்டளைக்குள் இருக்கும் தொடர், சங்கீதத்திலும் வரும். வேதத்தைத்தான் பேசுகிறார், ‘எழுதியிருக்கிறதே’ என்று மட்டும் சொல்லவில்லை. அந்தியோகியாவில் வேதம் சாட்சி சொல்ல மேடையேறியது. லீஸ்திராவில் அது பேசுகிறவரின் நாக்கிலேயே கரைந்திருந்தது.

இவ்வளவு சொல்லியும், பலியிடாதபடி அவர்களைத் தடுப்பதே பெரும்பாடாகிவிட்டது என்று முடிக்கிறார் லூக்கா. பிரசங்கம் பாதியில் நின்றுவிட்டது. அப்புறம் அந்தியோகியாவிலிருந்தும் இக்கோனியாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அந்தியோகியா 150 கிலோமீட்டருக்கும் மேல். அவ்வளவு தூரம் நடந்துவந்தவர்களின் பேச்சைக் கேட்டு, மாலை போட வந்த அதே கூட்டம் பவுலைக் கல்லெறிந்தது. செத்துவிட்டார் என்று நினைத்து ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். அவர் எழுந்து, மறுபடி அதே ஊருக்குள் போனார், மறுநாள் தெர்பைக்குப் புறப்பட்டார். ‘ஒருதரம் கல்லெறியுண்டேன்’ என்று கொரிந்தியருக்கு அவரே எழுதுகிறார். ஊர் பெயர் சொல்லவில்லை, ஆனால் நடபடிகளில் பவுல் கல்லெறிபட்டது இங்கே மட்டும்தான்.

அத்தேனே: அதே பிரசங்கம், சாவகாசமாக

கல்லியோன் என்ற ரோம அதிகாரி, கிரேக்க நாட்டு மாகாணமான அகாயாவின் அதிபதியாக இருந்தது 51, 52 வாக்கில் என்று தெல்பி கல்வெட்டு காட்டுகிறது. கொரிந்துவில் பவுல் அவர் முன் நிறுத்தப்பட்டார். அதற்கு முந்திய நிறுத்தம் அத்தேனே, எனவே ஏறத்தாழ கி.பி. 50. லீஸ்திராவில் மூச்சிரைக்கச் சொன்னதை இங்கே உட்கார்ந்து யோசித்துச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றும். சந்தையில் எப்பிக்கூரர், ஸ்தோயிக்கர் என்ற இரண்டு தத்துவப் பள்ளிக்காரர்களோடும் வாதம். அவர்கள் வைத்த பெயர், தமிழ் வேதாகமத்தில் ‘வாயாடி’. கிரேக்கச் சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘விதை பொறுக்கி’: குருவி மாதிரி அங்கே ஒன்று இங்கே ஒன்று கொத்தியெடுத்து அறிஞன் மாதிரி பேசுகிறவன். இயேசுவையும் உயிர்த்தெழுதலையும் சொன்னதால் ‘அந்நிய தேவதைகளை’ அறிவிக்கிறான் என்றும் சிலர் சொன்னார்கள். உயிர்த்தெழுதல் என்ற கிரேக்கச் சொல் அனாஸ்தாசிஸ், பெண்பால். அதை ஒரு பெண் தெய்வத்தின் பெயர் என்று எண்ணிவிட்டார்கள் என்பது 4ஆம் நூற்றாண்டுப் பிரசங்கியார் கிறிசோஸ்தம் காலத்திலிருந்தே சொல்லப்படும் விளக்கம்.

மார்ஸ் மேடை (அத்தேனேயின் அரியோபாகு) என்ற இடத்தில் பேசிய பேச்சில் சங்கீதம் இல்லை. பலிபீடத்தில் எழுதியிருந்த ‘அறியப்படாத தேவனுக்கு’ என்ற வாசகம் இருக்கிறது. தீர்க்கதரிசி இல்லை; ‘நாம் அவருடைய சந்ததியார்’ என்ற கவிஞன் வரி இருக்கிறது. அந்த வரி அராத்தஸுடையது, அவர் கிலிக்கியாக்காரர், தர்சுவில் பிறந்த பவுலுக்குச் சொந்த மாகாணத்துக் கவி. கைகளால் கட்டின கோவிலில் தேவன் குடியிருப்பதில்லை என்ற வாக்கியமோ ஸ்தோயிக்கனும் தலையாட்டுவான், ஏசாயா வாசித்தவனும் தலையாட்டுவான். இங்கேயும் இயேசுவின் பெயர் பேச்சில் வராது. ‘தாம் நியமித்த மனுஷன்’ ஒருவரைக் கொண்டு தேவன் உலகத்தை நியாயந்தீர்ப்பார், அவரை மரித்தோரிலிருந்து எழுப்பினதே அத்தாட்சி என்கிறார். அங்கேதான் சிரிப்பு கிளம்பியது. அந்தியோகியாவில் வாதத்துக்கு ஆதாரமாக நின்ற உயிர்த்தெழுதல் அத்தேனேயில் வாதத்தையே கவிழ்த்தது.

நம் ஊர்ப் பிரசங்க மேடைகளில் அடிக்கடி கேட்கிற ஒரு விளக்கம் உண்டு: அத்தேனேயில் தத்துவம் பேசித் தோற்ற பவுல், மனம் நொந்து, கொரிந்துவில் ‘சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்துவைத் தவிர வேறொன்றையும் அறியாதிருக்க’த் தீர்மானித்தார் என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் லூக்கா அதைத் தோல்வியாக எழுதவே இல்லை. தியொனீசியு, தாமரி என்று இரண்டு பெயரோடு விசுவாசித்தவர்களைச் சொல்லி முடிக்கிறார். ‘தீர்மானித்தார்’ என்ற அந்த வரி வரும் கொரிந்தியருக்கான முதல் கடிதத்தில் பவுலும் அத்தேனேயைப் பற்றி மூச்சுவிடவில்லை, கொரிந்துக்காரர்களின் கோஷ்டிப் பெருமையைத்தான் குத்துகிறார்.

கடிதங்களோடு ஒத்துப் பார்த்தால்

பவுலின் கடிதங்களிலேயே பழையது தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம் என்று பலரும் கருதுகிறார்கள், சுமார் 50. தாங்கள் வந்து சொன்னதையும் அவர்கள் ஏற்றதையும் இரண்டு வசனத்தில் நினைவூட்டுகிறார்: விக்கிரகங்களை விட்டு, ஜீவனுள்ள மெய்யான தேவனுக்கு ஊழியஞ்செய்யத் திரும்பினீர்கள்; மரித்தோரிலிருந்து எழுப்பப்பட்டவரும், வரும் கோபாக்கினையிலிருந்து தப்புவிக்கிறவருமான அவருடைய குமாரன் வானத்திலிருந்து வருவதை எதிர்பார்த்திருக்கிறீர்கள். முதல் பாதி அப்படியே லீஸ்திரா. பின்பாதிதான் லீஸ்திராவில் சொல்ல நேரம் கிடைக்காதது. அந்தக் கடிதம் முழுக்கத் தேடினாலும் ‘எழுதியிருக்கிறதே’ என்று காட்டும் ஒரு பழைய ஏற்பாட்டு மேற்கோள் கிடையாது. லூக்கா அந்தப் பிரசங்க முறையைக் கற்பனையில் செய்யவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஒத்துவராத இடமும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். மார்ஸ் மேடையில் ‘அறியாமையுள்ள காலங்களைத் தேவன் காணாதவர்போலிருந்தார்’. ரோமருக்கு எழுதும்போது, படைப்பைப் பார்த்தும் தேவனை மகிமைப்படுத்தாதவர்களுக்குப் ‘போக்குச்சொல்ல இடமில்லை’. ஒரே மழையையும் வானத்தையும் காட்டி, ஓரிடத்தில் மன்னிப்பு, இன்னோரிடத்தில் குற்றப்பத்திரிகை. லூக்காவின் பவுல் வேறு, கடிதத்துப் பவுல் வேறு என்பவர்களுக்கு இது பெரிய பிடி. வெளியே நிற்பவனை உள்ளே கூப்பிடும்போது ஒரு தொனி, உள்ளே வந்துவிட்டவர்களிடம் பழைய வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது வேறு தொனி என்பது பாதி பதில்தான். மீதிப் பாதியில் லூக்காவின் கை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

வேதம் புறஜாதியாருக்கு வேண்டாம் என்று பவுல் விட்டுவிடவும் இல்லை. கொரிந்து சபையில் பெரும்பாலோர் விக்கிரகம் வணங்கி வந்தவர்கள். அவர்களுக்குச் செங்கடல் கதையைச் சொல்லும்போது ‘நம்முடைய பிதாக்களெல்லாரும் மேகத்துக்குக் கீழாயிருந்தார்கள்’ என்று ஆரம்பிக்கிறார். நம்முடைய பிதாக்கள்! கொரிந்துத் துறைமுகத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு மோசே எப்போது தாத்தாவானார்? அந்தியோகியாவில் முதலில் வந்த கதை இங்கே கடைசியில் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். யூதனுக்கு அது வாசற்படி, புறஜாதியானுக்கு உள்ளறை.

நூறு வருஷம் கழித்தும் இந்த இரட்டைத் தடம் அழியவில்லை. 2ஆம் நூற்றாண்டில் யுஸ்தீன் என்ற ஒரே கிறிஸ்தவ எழுத்தாளர், பேரரசர் அந்தோனினுஸ் பியுஸுக்கு எழுதிய விண்ணப்பத்தில் சாக்ரடீஸையும் கிறிஸ்தவர் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார். திரிபோ என்ற யூதரோடு நடத்தும் உரையாடலிலோ, ஏசாயாவின் ஒரு சொல் ‘கன்னிகை’யா ‘இளம்பெண்’ணா என்று பக்கம் பக்கமாக மல்லுக்கட்டுகிறார். அதற்குள் தொனியில் கசப்பும் ஏறிவிட்டது.

மறுபடியும் லீஸ்திரா. சில வருஷம் கழித்துப் பவுல் அங்கே திரும்பி வருகிறார். கையில் எருசலேம் கூட்டத்தின் தீர்மானம்: புறஜாதியாருக்கு விருத்தசேதனம் வேண்டியதில்லை. அந்த ஊரில் தீமோத்தேயு என்று ஒரு இளைஞன். அம்மா யூதப் பெண், அப்பா கிரேக்கன். அம்மா வழியில் சிறுவயதிலிருந்தே வேதம் தெரியும். ஊர் சேயுஸின் ஊர். அவனைத் தன்னோடு கூட்டிப்போக விரும்பிய பவுல், அந்தத் தீர்மானத்தைப் பையில் வைத்துக்கொண்டே அவனுக்கு விருத்தசேதனம் பண்ணினார். அந்த இடங்களில் இருந்த யூதருக்காக, என்கிறார் லூக்கா. அவன் அப்பா கிரேக்கன் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.